அம்மை வந்தால் அன்றைக்கே சொல்லுங்கள்

சேலம், ஏற்காடு வட்டாரப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களுக்கும், அங்கே பிள்ளைகளை அனுப்பிவைக்கும் பெற்றோருக்கும்,

வணக்கம்.

ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார் அட்டை, சாதிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் என்று எதையாவது நகலெடுக்க உங்களில் பலர் வந்திருப்பீர்கள். முகத்தைப் பார்த்தால் என்னைத் தெரிந்துவிடும். என் மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். அவள் வயிற்றில் இருப்பது என்னுடைய கல்லீரலின் ஒரு துண்டு. பதினோரு மாதக் கைக்குழந்தையாக இருந்தபோது வைத்தார்கள். இந்த ஊரில் ஆறேழு பேருக்குத்தான் இதைச் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன்.

போன வருடம் மாசியில் நடந்தது. அவளோடு ஒரே பெஞ்சில் உட்காரும் பையன் ஒரு புதன்கிழமையிலிருந்து பள்ளிக்கு வரவில்லை. லீவ் லெட்டரில் காய்ச்சல் என்று எழுதியிருந்ததாம். அடுத்த வாரமும் வரவில்லை. அதற்கடுத்த திங்கட்கிழமை வந்தான். அன்று சாயங்காலம் நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். பாப்பா நோட்டை விரித்தபடியே சொன்னாள்: "அம்மா, அவன் நெத்தியில விபூதிக்குக் கீழ கருப்புக் கருப்பா பொருக்கு இருக்கும்மா. என்னடான்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறான்."

அடுப்பை அணைத்தேன். சுவரில் இருந்த காலண்டரில் விரல் வைத்து எண்ணினேன். இருவரும் கடைசியாகச் சேர்ந்து உட்கார்ந்தது அந்தச் செவ்வாய்க்கிழமை. அன்றோடு 13 நாள் ஆகியிருந்தது.

அந்த 13 என்ற எண் ஏன் என்னை அப்படி உலுக்கியது என்று சொல்லிவிடுகிறேன்.

சின்னம்மை நமக்கெல்லாம் புதிதில்லை. எனக்கும் ஏழு வயதில் வந்தது. பாட்டி வேப்பிலையில் படுக்க வைத்து, இளநீர் கொடுத்து, மூன்றாம் தண்ணீர் ஊற்றினார். மறுநாளே தெருவில் விளையாடப் போய்விட்டேன். திடமாக இருக்கும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது அவ்வளவுதான். உறுப்பு மாற்றிய பிள்ளையின் கதை வேறு. வெளியிலிருந்து வந்த உறுப்பு என்று உடம்பு கண்டுகொண்டால் அதைத் தாக்க ஆரம்பித்துவிடும். பெற்றவளின் ஈரலாக இருந்தாலும் அதற்கு அந்நியம்தான். அதனால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியை மருந்து கொடுத்துத் தணித்தே வைத்திருக்கிறார்கள். காலை ஒன்பது மணிக்கு ஒரு வேளை, இரவு ஒன்பது மணிக்கு ஒரு வேளை டாக்ரோலிமஸ். ஒரு வேளைகூடத் தவறக்கூடாது. தோட்டத்தில் காய்க்கும் பம்பளிமாஸ் பழத்தில் ஒரு சுளைகூட அவளுக்கு ஆகாது, ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு ஏறிவிடும். ஆரஞ்சு சாப்பிடலாம், அதில் அவளுக்கு ஒரு சந்தோஷம். இப்படித் தணித்து வைத்த உடம்பில் அம்மைக் கிருமி தோலோடு நிற்பதில்லை. நுரையீரலுக்குப் போகும், ஈரலுக்குப் போகும், மூளைக்கும் போகலாம்.

தடுக்க வழி இருக்கிறது. அம்மை வந்த பிள்ளையோடு பழகியது தெரிந்தால், 10 நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் (கிருமியை எதிர்க்கும் சக்தியைத் தயாராகவே கொடுப்பது) ஊசி போடலாம். முதல் 4 நாளுக்குள் போட்டால் ரொம்ப நல்லது. ஊசி கிடைக்காவிட்டால், பழகிய 7-ஆம் நாளிலிருந்து ஒரு வாரம் அசைக்ளோவிர் என்ற, அம்மைக் கிருமியை அடக்கும் மருந்தைக் கொடுப்பார்கள். கிருமி உள்ளே போய்க் கொப்புளமாக வெளியே தெரிய 10 முதல் 21 நாள் ஆகும். எங்களுக்குக் கிடைக்கிற அவகாசம் இந்த இடைவெளிதான். எனக்கு அந்த அவகாசம் இருந்ததே தெரியாமல் கழிந்துபோயிருந்தது.

அன்றிரவே டாக்டரைப் போனில் பிடித்தேன். மருந்தை உடனே ஆரம்பிக்கச் சொன்னார். புதன்கிழமை காலை தலை வாரும்போது காதுக்குப் பின்னால் பனித்துளி போல ஒரு கொப்புளம். மத்தியானத்துக்குள் காய்ச்சல் 102. அவள் அப்பா ஜீப்பை எடுத்தார். மலையில் இருந்து சேலம் இறங்க 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் மடியில் கிடந்த குழந்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தது. நான் கொப்புளம் எங்கெல்லாம் புதிதாகப் போட்டிருக்கிறது என்று போன் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே வந்தேன்.

எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று எட்டு நாள் டிரிப்ஸில் மருந்து ஏறியது. தினமும் காலையில் ரத்தம் எடுத்தார்கள். ஈரல் சோதனையின் எண்கள் ஏறின. டாக்ரோலிமஸைக் குறைத்தார்கள். குறைத்தால் உடம்பு ஈரலைத் தாக்குமோ என்று பயம், குறைக்காவிட்டால் அம்மை உள்ளே இறங்குமோ என்று பயம். ஐந்தாம் நாள் புதுக் கொப்புளம் எதுவும் போடவில்லை. அன்றைக்குத்தான் நான் உட்கார்ந்து சாப்பிட்டேன். இப்போது அவள் மூக்கோரத்தில் ஒரு தழும்பு மட்டும் இருக்கிறது.

வைரஸோடு எங்களுக்கு அது முதல் பழக்கமில்லை. கொஞ்சம் பின்னால் போகிறேன். அவளுக்குப் பிறந்ததிலிருந்தே கண்ணில் மஞ்சள் இருந்தது. வெயிலில் காட்டினோம், மந்திரித்தோம், கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கச் சொன்னார்கள். மலம் சுண்ணாம்பு கரைத்த மாதிரி வெளுத்துப் போனது. அது என்ன அறிகுறி என்று எங்களுக்குத் தெரியவில்லை. பித்தநாளம் அடைபட்டிருக்கிறது என்று கண்டுபிடித்தபோது அவளுக்கு மூன்றரை மாதம். கசாய் என்ற ஜப்பானிய டாக்டர் கண்டுபிடித்த ஆபரேஷன் ஒன்று இருக்கிறது, அதை இரண்டு மாதத்துக்குள் செய்தால்தான் பலன் அதிகம் என்றார்கள். எங்களுக்கு அந்த வாசல் ஏறக்குறைய மூடியிருந்தது. (இதைப் படிக்கிற யார் வீட்டிலாவது பச்சைக் குழந்தைக்கு இரண்டு வாரத்துக்கு மேல் மஞ்சள் இறங்காமல், மலமும் வெளுத்திருந்தால், தயவுசெய்து நாளைக் கடத்தாமல் குழந்தை டாக்டரிடம் ஓடுங்கள்.)

ஈரல் மாற்று ஆபரேஷன் என்றதும் என் மாமியார் மயங்கி உட்கார்ந்துவிட்டார். அவருக்கு டாக்டர் ஒரு கதை சொன்னார். 1998-ல் டெல்லியில் நம் காஞ்சிபுரத்துக் குழந்தை ஒன்றுக்கு அப்பாவின் ஈரலில் ஒரு பகுதியை எடுத்து வைத்தார்கள். இந்தியாவில் குழந்தைக்கு வெற்றிகரமாக நடந்த முதல் ஈரல் மாற்று அது. அந்தக் குழந்தைக்கும் இதே பித்தநாள அடைப்புதான். அவர் வளர்ந்து இன்றைக்கு டாக்டராகிவிட்டார். அந்தக் கதையைக் கேட்டுத்தான் வீட்டில் சம்மதித்தார்கள். பணத்துக்கு முதல்வர் காப்பீட்டுத் திட்டம் கைகொடுத்தது, மீதிக்கு நகை போனது.

ஆபரேஷனுக்கு முன் என் ரத்தத்தையும் அவள் ரத்தத்தையும் சோதித்துவிட்டு டாக்டர் சொன்னதை என்னால் மறக்க முடியாது. சி.எம்.வி., இ.பி.வி. என்று இரண்டு வைரஸ்கள். நம் ஊரில் பெரியவர்கள் பெரும்பாலோருக்குச் சின்ன வயதிலேயே எச்சில் வழியாக வந்து, ஒன்றும் செய்யாமல் உடம்புக்குள்ளேயே தங்கிவிடுமாம். எனக்கு இரண்டும் இருந்தன. பாப்பாவுக்கு இரண்டும் இல்லை. "உங்க ஈரலோட உங்க வைரஸும் அவளுக்குப் போகும்மா. போகும்னு தெரிஞ்சேதான் வைக்கிறோம். பார்த்துக்கலாம்" என்றார். குழந்தைகளுக்கு இதில்தான் ஆபத்து அதிகம். பெரியவர்கள் பழைய பகைவனைச் சந்திக்கிறார்கள். குழந்தையோ அவனை முதல் முதலாகச் சந்திக்கிறது, அதுவும் எதிர்ப்புச் சக்தியைத் தணித்து வைத்திருக்கும் நேரத்தில்.

அவர் சொன்னபடியே பார்த்துக்கொண்டார்கள். சி.எம்.வி.க்கு முதல் சில மாதம் வால்கான்சைக்ளோவிர் கொடுத்தார்கள். இ.பி.வி.க்கு அப்படித் தடுப்பு மருந்து இல்லை. ரத்தத்தில் அது எவ்வளவு இருக்கிறது என்று திரும்பத் திரும்ப எண்ணிப் பார்ப்பதுதான் வழி. மூன்று வயதில் அந்த எண்ணிக்கை ஏறியது. கழுத்தில் நெறி கட்டியது, தூக்கத்தில் குறட்டை விட்டாள். அப்படியே விட்டால் நிணநீர்க் கட்டிகளாகி, புற்றாகவும் மாறலாம் என்றார்கள். எதிர்ப்பைத் தணிக்கும் மருந்தைக் குறைத்தார்கள், ஈரலையும் வாரா வாரம் பார்த்தார்கள். நெறி கரைந்தது. ஆறு மாதம் எனக்குத் தூக்கமே இல்லை, ஆனால் பிள்ளை பிழைத்தாள். என் உடம்பிலிருந்து போன வைரஸ் அது. வரும் என்று தெரிந்திருந்தது, நாள் குறித்து வைத்துக் காத்திருந்தார்கள். பள்ளிக்கூட பெஞ்சில் இருந்து வந்ததை யாரும் சொல்லவில்லை.

சின்னம்மைக்கு ஊசி போட்டிருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். அதைப் போடுவது ஒரு வயது முடிந்தபின். அவள் ஈரல் அதுவரை தாங்கவில்லை. தட்டம்மை ஊசியை மட்டும் ஆபரேஷனுக்கு ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும்போதே போட்டுவிட்டார்கள். இரண்டும் உயிருள்ள கிருமியைப் பலவீனமாக்கிச் செய்கிற ஊசிகள் என்பதால் மாற்று ஆபரேஷனுக்குப் பிறகு பொதுவாகப் போடுவதில்லை. மருந்து ரொம்பக் குறைந்திருக்கும் சில பிள்ளைகளுக்கு இப்போது போட ஆரம்பித்திருக்கிறார்கள். அப்போது எங்கள் டாக்டர் துணியவில்லை. ஆக, அவளுக்கு வேலி என்று இருந்தது சுற்றியிருக்கும் பிள்ளைகள்தான். அவளுடைய தம்பிக்கு ஊசிகள் எல்லாம் போட்டாயிற்று, சின்னம்மை ஊசியும் சேர்த்து. போலியோ சொட்டு மருந்து மட்டும் கிடையாது, அதற்குப் பதில் ஊசி. சொட்டு மருந்தில் உள்ள கிருமி மலத்தின் வழியாக வெளியே வரும், அக்காவுக்கு ஆகாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். போலியோ முகாம் நாளில் வாசலுக்கு வந்த அங்கன்வாடி அம்மாவிடம் அந்தச் சீட்டைக் காட்டி விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இப்படியும் இருக்கா கண்ணு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்தப் பையனின் அம்மா விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியில் இருந்து வந்து இரண்டு வாரம் கழித்து, ரேஷன் கார்டு நகலெடுக்கக் கடைக்கு வந்தார். ஏன் இத்தனை நாள் கடை பூட்டிக் கிடந்தது என்று கேட்டார். சொன்னேன். கண்ணாடி மேசையில் கையை ஊன்றியபடி நின்றுவிட்டார். "அக்கா, ஆத்தா வந்ததை வெளிய சொன்னா ஆத்தாளுக்குக் கோபம் வரும்னு மாமியார் சொல்லிட்டாங்க. லெட்டர்ல காய்ச்சல்னு எழுதினது நான்தான். பாப்பாவுக்கு இப்படின்னு தெரிஞ்சிருந்தா அன்னிக்கே ஓடி வந்திருப்பேனே."

தெரிந்திருந்தால் வந்திருப்பார். அதை நான் முழுக்க நம்புகிறேன். தெரியாமல் பார்த்துக்கொண்டது நான். முதலில் எல்.கே.ஜி. சேர்க்கப் போன பள்ளியில் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னோம். எங்களால் பொறுப்பேற்க முடியாது என்று விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சொந்தக்காரர்களோ, பொம்பளப் பிள்ளை, வயிற்றில் இவ்வளவு பெரிய தழும்பு, நாளைக்கு நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், வாயைத் திறக்காதே என்றார்கள். அடுத்த பள்ளியில் சேர்க்கும்போது வாயைத் திறக்கவில்லை. அவர்கள் அம்மையை மறைத்தார்கள், நான் ஆபரேஷனை மறைத்தேன். நடுவில் மாட்டிக்கொண்டது குழந்தை.

அதனால் முதல் வேண்டுகோள் பெற்றோருக்கு. அம்மை வந்த வீட்டு நிலைப்படியில் வேப்பிலைக் கொத்து செருகுகிறோமே, அதை நம் பாட்டிமார் எதற்குச் செய்தார்கள்? அந்தக் கொத்தைப் பார்த்ததும் வெளியாள் உள்ளே வராமல் திரும்பிவிடுவார். பால் ஊற்றுகிறவர் திண்ணையில் வைத்துவிட்டுப் போவார். தண்ணீர் ஊற்றும் வரை அந்த வீட்டுப் பிள்ளை தெருவில் இறங்காது. இந்த வீட்டுக்கு ஆத்தா வந்திருக்கிறாள், ஒதுங்கிப் போங்கள் என்று ஊருக்கே அறிவித்த அடையாளம் அது. மறைக்கச் சொல்லி எந்த மாரியம்மனும் கேட்டதில்லை. நானும் ஆடியில் சேலம் கோட்டை மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கிறவள்தான், நம்பிக்கையைக் குறை சொல்ல வரவில்லை. இப்போது வாடகை வீட்டில் இருக்கிறோம், வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ என்று கொத்தையும் செருகுவதில்லை, வாயாலும் சொல்வதில்லை. வகுப்பு டீச்சருக்கு அன்றைக்கே ஒரு போன் போதும். 'அம்மை போட்டிருக்கு' என்ற இரண்டு வார்த்தை போதும். கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை பிள்ளை வீட்டில் இருக்கட்டும். கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே அது தொற்ற ஆரம்பித்துவிடுகிறது, அதனால்தான் முதல் நாளே சொல்வது முக்கியம். வீட்டில் தாத்தா பாட்டிக்கு அக்கி வந்திருந்தாலும் சொல்லுங்கள். அதுவும் அதே கிருமிதான், அக்கிக் கொப்புளத்து நீர் பட்டால் அம்மை வராத பிள்ளைக்கு அம்மை வரும்.

தட்டம்மை இன்னும் மோசம். அந்தப் பிள்ளை எழுந்து போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை அறையின் காற்றில் கிருமி இருக்கும். 2017 பிப்ரவரியில் பள்ளிகளில் எம்.ஆர். என்ற தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட வந்தபோது வாட்ஸ்அப்பில் வந்த வதந்தியை நம்பி எத்தனையோ பேர் பிள்ளைகளை அன்றைக்கு லீவ் போட வைத்தார்கள். நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. அந்த ஊசி அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். இரண்டு தவணையும் போட்டாயிற்றா என்று ஒருமுறை அட்டையை எடுத்துப் பாருங்கள். சின்னம்மை ஊசி அரசுப் பட்டியலில் இல்லை, வெளியில்தான் காசு கொடுத்துப் போட வேண்டும். முடிந்தவர்கள் போடுங்கள்.

தலைமை ஆசிரியர்களே, உங்களிடம் கேட்பது கொஞ்சம் கூடுதல். அம்மை என்று ஒரு வீட்டில் இருந்து தகவல் வந்தால், பிள்ளையின் பெயரைச் சொல்லாமல், 'உங்கள் வகுப்பில் ஒருவருக்கு அம்மை கண்டிருக்கிறது' என்று அன்றே எல்லாப் பெற்றோருக்கும் தெரிவியுங்கள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வீட்டுப்பாடம் அனுப்புகிற அதே கை இதையும் அனுப்பலாம். நூறு சதவீத வருகைக்குப் பரிசு கொடுப்பதை விட்டுவிடுங்கள். அந்தப் பரிசுக்காக மாத்திரை போட்டுக் காய்ச்சலை அமுக்கிவிட்டுப் பிள்ளையை அனுப்பும் பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன், ஆண்டு விழாவில் கை தட்டியும் இருக்கிறேன். குடிதண்ணீர்த் தொட்டியைக் கழுவுங்கள், கழிப்பறைக்குப் பக்கத்தில் சோப்பு வையுங்கள். ஆஸ்பத்திரியில் எங்களுக்கு அடுத்த கட்டிலில் ஆறு வயதுப் பையன் இருந்தான். மஞ்சள் காமாலை என்று பத்தியம் இருந்தவன் இரண்டே வாரத்தில் நினைவு தப்பி வந்தான். ஹெபடைடிஸ் ஏ. அழுக்குத் தண்ணீரில் பரவுகிற கிருமி. பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும், சில பிள்ளைகளுக்கு ஈரலையே அழித்துவிடும். அவனுக்கு அவன் அப்பா ஈரல் கொடுத்தார்.

அப்புறம், எங்கள் பிள்ளைகளைச் சேர்க்க மறுக்காதீர்கள். தனி பெஞ்சும் வேண்டாம். மாற்று உறுப்பு இருப்பதால் மற்ற பிள்ளைகளுக்கு எதுவும் தொற்றிவிடாது. ஓடட்டும், ஆடட்டும், வீட்டுப்பாடம் எழுதாவிட்டால் திட்டவும் செய்யுங்கள். எங்களுக்கு வேண்டியது சரியான நேரத்தில் ஒரு தகவல்.

இது என் மகளுக்காக மட்டும் கேட்பதில்லை. அவளுக்கு அம்மை வந்து போய்விட்டது. ஆஸ்பத்திரி வராண்டாவில் ஓமலூர், ஆத்தூர், மேட்டூர் பக்கத்துப் பிள்ளைகளைப் பார்த்தேன். கிட்னி மாற்றியவர்கள், ரத்தப் புற்றுக்கு மருந்து எடுப்பவர்கள், சிறுநீரில் புரதம் போகும் நோய்க்கு மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள். எல்லோருக்கும் இதே கணக்குதான். அவர்களில் யாராவது உங்கள் பள்ளியில், உங்கள் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். அவர்களின் பெற்றோரும் என்னைப் போல வாய் மூடி இருக்கலாம்.

ஒரு அரைப்பக்க அறிவிப்பைத் தமிழில் டைப் செய்து வைத்திருக்கிறேன். அம்மை வந்தால் யாரிடம் சொல்ல வேண்டும், எப்போது திரும்ப அனுப்பலாம், வீட்டில் எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளை இருந்தால் ரகசியமாக எப்படித் தெரிவிக்கலாம் என்று இருக்கிறது. டீச்சரின் போன் எண்ணுக்கு இடம் விட்டிருக்கிறேன். அந்தப் பையனின் அம்மாதான் எழுத்துப் பிழை பார்த்துத் தந்தார். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது ஒவ்வொரு பிள்ளையின் டைரியிலும் ஒட்டிவிடலாம். மலையில் இருக்கும் பள்ளியானாலும் சரி, கீழே சேலத்துப் பள்ளியானாலும் சரி, எத்தனை பிரதி வேண்டும் என்று சொல்லியனுப்புங்கள். காசு வேண்டாம். பேப்பர் வாங்கி வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
ஏற்காடு.